இடம் இல்லை

எவாரிஸ்டோ கலாமாவின் செம்புச் சுரங்கத்துக்குப் போய்விட்டான்.
போகிற அன்று சர்வர் அறைச் சாவியை
என் மேசையில் வைத்தான், ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில்.
நான் கணக்கு எழுதுகிறவள்.
நண்டு எத்தனை பெட்டி, எத்தனை கிலோ,
யாரிடம் எவ்வளவு பாக்கி. அவ்வளவுதான் என் வித்தை.
"நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால்தானே இருக்கிறாய்"
என்றார் முதலாளி ராடோமிர்.
தீர்ந்தது. லினக்ஸ் என் தலையில் விடிந்தது.

புன்டா அரேனாஸில் காற்று மிஞ்சினால்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நட என்று.
கறுப்புத் திரைக்குள் எனக்கு
யாரும் எதுவும் கட்டிவைக்கவில்லை.

முதல் நாள் பாஸ்வேர்ட் அடிக்கிறேன்,
ஒரு புள்ளிகூட விழவில்லை.
கீபோர்ட் செத்துவிட்டது என்று புதிது வாங்கினேன்.
பதினோராயிரம் பெசோ.
அதிலும் விழவில்லை.
காட்டாமல் வாங்கிக்கொள்வது அதன் சுபாவம்
என்று புரிய மூன்று நாள்.
ரசீதை இதர செலவில் எழுதினேன்.

நான் யார் என்று கேட்க ஒரு கமாண்ட் உண்டு.
யோசிக்காமல் சொன்னது: மிலென்கா.
எங்கே இருக்கிறேன்?
அதற்கும் ஒரே வரி.
விவாகரத்து நடந்த இரண்டு வருஷத்தில்
எந்த வக்கீலும் எனக்கு
இத்தனை சுருக்கமாகப் பதில் சொன்னதில்லை.

ஆனால் எதைத் தொட்டாலும் அனுமதி இல்லை.
கமாண்டுக்கு முன்னால் சூடோ சேர்த்துப் பார்த்தேன்.
உன் பெயர் பட்டியலில் இல்லை,
இந்தச் சம்பவம் புகார் செய்யப்படும் என்றது.
யாரிடம்?
அன்று இரவு தூக்கமே வரவில்லை.
சாந்தியாகோவில் எவரோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
என் பெயரைச் சிவப்பு மையில் எழுதுவதாக.
ஆனாலும் மறுநாள் திரும்ப அடித்தேன்.
அதற்கு மறுநாளும்.

அக்டோபர். நண்டு வரத்து முடிகிற, காற்று தொடங்குகிற மாதம்.
குளிர் அறை வெப்பநிலை நேற்றைய எண்ணிலேயே நின்றது.
டிஸ்க்கில் இடம் இல்லை.
எழுத இடமில்லை என்றால் ஆய்வாளருக்குக் காட்ட எண் இல்லை,
எண் இல்லாத நாலு டன் நண்டு
துறைமுகத்தைத் தாண்டாது.

இரவு இரண்டு மணிக்கு எவாரிஸ்டோவை எழுப்பினேன்.
"தராசைத் தூக்கிப் பார்" என்றான், போனை வைத்தான்.
அடியில் ஒட்டியிருந்தது ரூட் பாஸ்வேர்ட்,
ஒரு மூலை உப்பில் கரைந்து.
கடைசி எழுத்தை ஊகித்தேன். ஏழாம் முறை திறந்தது.

ஊதிப்போன லாக் ஃபைல் ஒன்று, தொண்ணூறு ஜிபி.
அழித்தேன்.
இப்போது?
இடம் இல்லை.
டி.எஃப் நூறு சதம் நிறைவு என்கிறது.
டி.யூ கூட்டிப் பார்த்து நாற்பதுதான் என்கிறது.

அங்கேதான் எனக்கு மூச்சு வந்தது.
இரண்டு பேரேடு ஒத்துப்போகவில்லை என்றால்
நடுவில் யாரோ கையில் வைத்திருக்கிறார்கள்.
இது லினக்ஸ் இல்லை, என் பிழைப்பு.

தேடினேன். வெப்பநிலை எழுதுகிற நிரல்தான்,
அழிந்த ஃபைலைத் திறந்தபடியே வைத்திருந்தது.
பெயர் போய்விட்டது, பிடி போகவில்லை.
நிறுத்தினேன், மறுபடி ஓடவிட்டேன்.
விட்டது.
குளிர் அறை: மைனஸ் இருபத்திரண்டு.
வாட்ச்மேன் எலெயுதெரியோ எட்டிப்பார்த்து
ஏன் சிரிக்கிறாய் என்றார்.

வெளியேறப் போகையில் ஒரு வரி:
உங்களுக்கு அஞ்சல் உள்ளது.
ரூட்டின் பெட்டியில் பதினான்கு கடிதம்.
பதினான்கும் என்னைப் பற்றி.
இன்ன தேதி, இன்ன மணி, மிலென்கா
இன்னதற்கு முயன்றாள்.
ஒன்றைக்கூட யாரும் திறந்ததில்லை.
நான் பயந்த அதிகாரியின் நாற்காலி இதுதான்,
ஸ்பாஞ்சு பிய்ந்தது, ஒரு சக்கரம் இல்லாதது.

எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தேன்.
ஒன்பதாம் கடிதத்தில் நான்
கமாண்டையே தப்பாக அடித்திருக்கிறேன்.

எக்ஸிட் அடித்து மிலென்கா ஆனேன்.
கோட்டை மாட்டிக்கொண்டு
கயிறு இருக்கிற பக்கமாக வீட்டுக்கு நடந்தேன்.